பெண்களே பார்க்காத ஆட்டத்தை வேறு யார் பார்ப்பார்கள்?

வாசகர் கேள்வி: ஜூன் 6, மாலை 7.20

பெண்கள் விளையாட்டுக்குப் பணமில்லை, ஒளிபரப்பு இல்லை, மதிப்பில்லை என்று ஓயாமல் குறைப்பட்டுக்கொள்கிறார்கள். ஒன்று கேட்கிறேன். விளையாட்டு பார்க்கிறவர்களில் பெண்கள் எத்தனை பேர்? பார்க்கிற சிலரும் ஆண்கள் ஆட்டத்தைத்தான் பார்க்கிறார்கள். பெண்களே பார்க்காத ஆட்டத்தை வேறு யார் பார்ப்பார்கள்? இதில் அநீதி எங்கே இருக்கிறது?

பதில்: ஜூன் 6, இரவு 10.15

1920 கிறிஸ்துமஸ் விடுமுறை. இங்கிலாந்தின் லிவர்பூல் நகரில் குடிசன் பார்க் மைதானம். டிக், கெர் என்ற தொழிற்சாலையில் வேலை செய்த பெண்களின் கால்பந்து அணிக்கும் செயின்ட் ஹெலன்ஸ் பெண்கள் அணிக்கும் போட்டி. உள்ளே 53,000 பேர். இடம் கிடைக்காமல் வெளியே நின்றவர்கள் ஆயிரக்கணக்கில். ஆட்டத்தில் வசூலான பணம் அறப்பணிக்குப் போனது.

ஓராண்டு கூட முழுதாக ஆகவில்லை. 1921 டிசம்பர் 5 அன்று இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் கூடி, கால்பந்து பெண்களுக்குச் சற்றும் பொருத்தமில்லாத ஆட்டம், அதை ஊக்குவிக்கக் கூடாது என்று தீர்மானம் போட்டது. அந்தத் தடை 1971 வரை நீடித்தது.

கூட்டம் வராததால் மூடப்பட்ட ஆட்டம் இல்லை இது. 53,000 பேர் வந்த பிறகு மூடப்பட்டது. ஐம்பது ஆண்டு பூட்டிவைத்துவிட்டு, திறந்த மறுநாளே கூட்டம் எங்கே என்று கேட்டால் என்ன பதில் சொல்வது? உங்கள் கேள்வியில் அநீதி எங்கே என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த ஐம்பது ஆண்டில் இருக்கிறது.

ஜூன் 6, இரவு 11.50

படுக்கப் போனேன், தூக்கம் வரவில்லை. பெண்கள் பார்ப்பதில்லை என்ற வாக்கியம் மனத்தை அறுக்கிறது.

எங்கள் வீட்டில் தொலைக்காட்சி இருந்த அறையில் அப்பாவுக்கு ஒரு நாற்காலி, அண்ணனுக்குத் தரை, எனக்குத் தரை. அம்மாவுக்கு நிலைப்படி. ஈரக் கையோடு வந்து நிலையில் சாய்ந்து நிற்பார். இரண்டு ஓவர், மூன்று ஓவர். உள்ளே ஏதாவது கொதித்தால் போய்விடுவார். திரும்பி வரும்போது நாங்கள் ஸ்கோர் சொல்ல வேண்டியதில்லை, காதால் கேட்டு வைத்திருப்பார். “அந்த இடதுகைப் பையனைப் பந்துவீச அழைக்க ஏன் இவ்வளவு தாமதம்?” என்பார். அவன் வந்த ஓவரிலேயே விக்கெட் விழும். அப்பா திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்.

அம்மா ஒரு முழு ஆட்டத்தை உட்கார்ந்து பார்த்து நான் கண்டதில்லை. யாராவது கணக்கெடுக்க வந்து, இந்த வீட்டில் கிரிக்கெட் பார்ப்பவர்கள் எத்தனை பேர் என்று கேட்டிருந்தால் அப்பா மூன்று என்று சொல்லியிருப்பார்.

ஜூன் 7, காலை 8.05

ஒரு திருத்தம். நேற்று நான் எழுதியதைப் படித்தால், இங்கிலாந்தில் பெண்கள் கால்பந்து ஆடுவதே சட்டப்படி குற்றமாக இருந்ததுபோலத் தோன்றுகிறது. அப்படியில்லை. சங்கத்தில் உறுப்பினராக இருந்த கிளப்புகள் தங்கள் மைதானத்தைப் பெண்களுக்குத் தரக் கூடாது என்பதே உத்தரவு. வசூலில் அதிகப் பங்கு செலவுக்கணக்கில் போகிறது, அறப்பணிக்குப் போதுமான அளவு போவதில்லை என்ற குற்றச்சாட்டும் அதே தீர்மானத்தில் இருந்தது. பெண்கள் பூங்காக்களிலும் வெட்டவெளிகளிலும் தொடர்ந்து ஆடினார்கள்.

ஆனால் இந்தத் திருத்தம் என் வாதத்தை இன்னும் வலுவாக்குகிறது என்றே நினைக்கிறேன். ஆட்டத்தை விட்டுவைத்தார்கள். இருக்கைகளைப் பறித்தார்கள். பந்து உதைக்கப் புல்வெளி எங்கும் கிடைக்கும். 53,000 பேர் உட்காரும் படிக்கட்டு எங்கும் கிடைக்காது. தடை ஆட்டக்காரிகள்மேல் விழுந்தது, கூடவே பார்வையாளர்கள்மேலும் விழுந்தது.

இது ஒரு நாட்டின் கதையும் இல்லை. பிரேசிலில் 1941 முதல் 1979 வரை பெண்கள் கால்பந்து ஆட அரசாணையே தடை விதித்திருந்தது. மேற்கு ஜெர்மனியின் கால்பந்துச் சங்கம் 1955 முதல் 1970 வரை தடை செய்திருந்தது. இன்று கால்பந்து என்றதும் நினைவுக்கு வருகிற மூன்று நாடுகள்.

ஜூன் 8, மதியம் 2.30

ஒருவர் கேட்டிருக்கிறார்: “இன்று யாரும் உங்களைத் தடுக்கவில்லையே? தொலைக்காட்சியைப் போட்டுப் பார்க்க வேண்டியதுதானே?”

பார்க்கலாம். பார்த்ததைப் பற்றிப் பேசத்தான் அனுமதி வாங்க வேண்டும்.

வேலைக்குச் சேர்ந்த புதிது. மதிய இடைவேளையில் முந்தைய நாள் ஆட்டத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒரு எல்.பி.டபிள்யூ தீர்ப்பு, அதாவது ஸ்டம்பைத் தாக்கவிருந்த பந்தைக் கால் தடுத்ததற்குக் கொடுத்த அவுட். பந்து லெக் ஸ்டம்புக்கு வெளியே குத்தியது, அது அவுட்டே இல்லை என்றேன். மேசையைச் சுற்றி ஒரு நிசப்தம். மூத்தவர் ஒருவர் சிரித்தபடி, “எல்.பி.டபிள்யூ விதி தெரியுமா? சொல்லுங்கள் பார்க்கலாம்” என்றார். அதுவரை அந்த மேசையில் யாரையும் யாரும் விதி சொல்லச் சொன்னதில்லை. சொன்னேன். பந்து எங்கே குத்த வேண்டும், காலில் எங்கே பட வேண்டும், மட்டையாளர் ஆட முயன்றாரா இல்லையா என்பதால் என்ன மாறும், எல்லாம். அவர் தலையாட்டிவிட்டு, “அதெல்லாம் சரி, ஸ்டம்பைத் தாக்கும் பந்து என்றால் எங்கே குத்தினாலும் அவுட்தான்” என்றார். தவறு. லெக் ஸ்டம்புக்கு வெளியே குத்திய பந்துக்கு எல்.பி.டபிள்யூ கிடையவே கிடையாது. இன்னொருவர் விதிப்புத்தகத்தைத் தேடி எடுத்துப் படித்துக் காட்டினார். மூத்தவர் என்னைப் பார்த்து, “பரவாயில்லையே, உங்கள் அண்ணன் நன்றாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்” என்றார்.

அண்ணனுக்கு அந்த விதியைச் சொல்லிக்கொடுத்தவள் நான்.

அன்றைக்குப் பிறகு எனக்கு ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டது. ஆட்டம் பார்த்த மறுநாள் வேலைக்குப் போகும் வழியில் சராசரி, ஓட்ட விகிதம், கடந்த ஐந்து ஆட்டங்களின் முடிவு என்று எல்லாவற்றையும் மனப்பாடம் செய்துகொண்டு போவேன். ஒரு சிறு எண் தவறினாலும் மொத்தமும் போய்விடும் என்ற பயம். ஒரு சுழற்பந்து காற்றில் சற்றே நின்று, வளைந்து இறங்கிய அழகைப் பற்றி யாரிடமாவது பேச வேண்டும் என்று ஆசைதான். பேசியதில்லை. அழகைப் பற்றிப் பேசினால், “ஓ, பந்துவீச்சாளர் அழகாக இருக்கிறாரா?” என்பார்கள். ஆகவே எண்கள். பிடித்த ஒன்றைப் பிடித்திருக்கிறது என்று சொல்லப் பத்து ஆண்டு தேர்வு எழுதினேன்.

ஜூன் 8, மாலை 6.10

“அது விளையாட்டுக்குக் கேட்டது, இதற்கெல்லாமா மனம் நோவது?” என்று எழுதியவருக்கு: விளையாட்டுக்குத்தான் கேட்டார். நான் விளையாட்டைப் பற்றிப் பேசத்தான் போனேன்.

ஜூன் 10, இரவு 9.00

இதுவரை நேரில் போய்ப் பார்த்த ஆட்டங்கள் ஒன்பது. கடைசிப் பந்து வரை இருந்தது இரண்டுக்கு. இரண்டு முறையும் அண்ணன் உடன் வந்திருந்தான்.

மைதானத்துக்குப் போகிற ஆண் நண்பர்களிடம் இதைச் சொன்னால் புரியவே இல்லை. வாசலில் ஆண்களுக்கு எட்டு வரிசை, பெண்களுக்கு ஒன்று. அந்த ஒரு வரிசையில் சோதனை செய்ய ஒரே ஒரு காவலர். உள்ளே போய்ச் சேரும்போது மூன்று ஓவர் முடிந்திருக்கும். இடைவேளையில் கழிப்பறைக்குப் போனால், திரும்பி வரும்போது இரண்டாம் பாதி தொடங்கியிருக்கும். பக்கத்தில் குடித்துவிட்டு உட்கார்ந்திருப்பவரின் முழங்கை எங்கே இருக்கிறது என்று ஒரு கண், ஆடுகளத்தின்மேல் ஒரு கண். ஆட்டம் சூடுபிடிக்கிற பதினாறாவது ஓவரில், கூட்டம் கலைவதற்கு முன்னால் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்று எழுந்திருக்க வேண்டும். வெளியே நடந்துகொண்டிருக்கும்போது முதுகுக்குப் பின்னால் ஆரவாரம் கேட்கும். யார் அடித்தது, யார் விழுந்தது என்று தெரியாது. அந்தச் சத்தத்தைக் கேட்டபடி இருட்டில் நடப்பதைப்போல ஒரு வேதனை வேறு இல்லை.

சின்ன வயதிலிருந்தே நோட்டுப் புத்தகத்தில் பந்துக்குப் பந்து ஸ்கோர் எழுதுவேன். மைதானத்துக்கும் கொண்டுபோவேன். அந்த ஏழு ஆட்டங்களின் பக்கங்களில் கடைசி ஓவர்கள் மட்டும் வேறு மையில் இருக்கும். மறுநாள் செய்தித்தாளைப் பார்த்து நிரப்பியவை.

ஜூன் 10, இரவு 9.45

மேலே எழுதியதை அனுப்பிய பிறகுதான் ஈரானியப் பெண்கள் நினைவுக்கு வந்தார்கள். நான் பதினாறாவது ஓவர் வரையாவது இருந்தேன்.

1979 புரட்சிக்குப் பின் அங்கே நாற்பது ஆண்டுக்காலம் பெண்கள் கால்பந்து மைதானத்துக்குள் போக முடியாமல் இருந்தது. மீசை ஒட்டிக்கொண்டு, மார்பை இறுகக் கட்டிக்கொண்டு, ஆண் உடையில் போனவர்கள் இருக்கிறார்கள். சஹர் கோதாயாரி 2019இல் அப்படிப் போக முயன்று கைதானார். அவருக்குப் பிடித்த எஸ்தெக்லால் அணியின் நிறம் நீலம். சிறைத்தண்டனை கிடைக்கலாம் என்று தெரியவந்ததும் நீதிமன்ற வாசலில் தனக்குத் தீவைத்துக்கொண்டார். சில நாட்களில் இறந்தார். உலகம் அவரை நீலப் பெண் என்று அழைத்தது.

அடுத்த மாதமே, 2019 அக்டோபர் 10 அன்று, டெஹ்ரானின் ஆசாதி மைதானத்தில் கம்போடியாவுக்கு எதிரான ஆட்டத்தைப் பார்க்கச் சில ஆயிரம் பெண்களுக்கு அனுமதி கிடைத்தது. தனியாக வேலி போட்ட பகுதியில் உட்காரவைத்தார்கள். ஈரான் 14-0 என்று வென்றது. பதினான்கு கோலுக்கும் அந்தப் பெண்கள் எழுப்பிய ஒலியைக் கேட்டிருக்கிறீர்களா? “ஆசாதி” என்றால் பாரசீக மொழியில் விடுதலை.

சவுதி அரேபியாவில் கால்பந்து ஆட்டம் பார்க்க முதல்முறை பெண்களை மைதானத்துக்குள் விட்டது 2018 ஜனவரியில்.

பெண்கள் பார்ப்பதில்லை என்கிறீர்கள்.

ஜூன் 11, மாலை 5.30

எனக்கு முன் ஒருவர், “மைதானத்தில் பெண்களைத் தொலைக்காட்சியில் அடிக்கடி காட்டுகிறார்களே” என்று எழுதியிருக்கிறார். காட்டுகிறார்கள்தான். யாரைக் காட்டுகிறார்கள், எதற்காகக் காட்டுகிறார்கள் என்று கவனித்தால் போதும். 2018 ஆண்கள் உலகக் கோப்பைக் கால்பந்தின்போது, இளம் ரசிகைகளைத் தேடித்தேடி நெருக்கத்தில் காட்டுவதைக் குறைத்துக்கொள்ளும்படி உலகக் கால்பந்துச் சங்கமான ஃபிஃபாவே ஒளிபரப்பு நிறுவனங்களிடம் சொல்ல வேண்டியிருந்தது. ஆண் ரசிகர் முகத்தைக் கேமரா காட்டும்போது அவர் எதையோ பார்த்துக்கொண்டிருப்பார். பெண்ணைக் காட்டும்போது நாம் அவளைப் பார்க்க வேண்டும்.

ஜெர்சி விஷயமும் இதோடு சேர்ந்ததுதான். ஒரு கடையில் என் அணியின் ஜெர்சி கேட்டேன். பெண்கள் பகுதியில் இருக்கிறது என்றார்கள். போனால், அணியின் நிறமே இல்லாத இளஞ்சிவப்புச் சட்டை, இடுப்பில் இறுக்கி, கழுத்தை இறக்கித் தைத்தது. என் அணி இளஞ்சிவப்பில் ஆடியதே இல்லை. கடைசியில் சிறுவர்களுக்கான பெரிய அளவை வாங்கிக்கொண்டு வந்தேன். இன்னும் வைத்திருக்கிறேன், தோள்பட்டை பிடிக்கிறது.

ரசிகைக்கு நேர்ந்தால் சின்ன விஷயம் என்பீர்கள். ஆட்டக்காரிக்கே நேர்ந்தது. 2023 மகளிர் உலகக் கோப்பைக் கால்பந்தில் இங்கிலாந்து அணியின் கோல்கீப்பர் மேரி ஏர்ப்ஸ். அவர் அணிந்த ஜெர்சியை நைக்கி நிறுவனம் ரசிகர்களுக்கு விற்கவே தயாரிக்கவில்லை. மற்ற ஆட்டக்காரிகளின் ஜெர்சி கடையில் இருந்தது, கோல்கீப்பருடையது இல்லை. அவர் வெளிப்படையாக வருத்தப்பட்டார். ஒன்றரை லட்சம் பேருக்கு மேல் மனுவில் கையெழுத்திட்டார்கள். இறுதி ஆட்டத்தில் ஸ்பெயினின் ஜென்னி எர்மோசோ அடித்த பெனால்டியை ஏர்ப்ஸ் தடுத்தார். தொடரின் சிறந்த கோல்கீப்பர் விருதும் அவருக்கே கிடைத்தது. பிறகு ஜெர்சி விற்பனைக்கு வந்தது, வந்த வேகத்தில் தீர்ந்துபோனது.

வாங்க ஆளில்லை என்று சொன்னவர்கள், முதலில் கடையில் வைத்திருக்க வேண்டும்.

ஜூன் 11, இரவு 8.20

அந்த இறுதி ஆட்டத்தைச் சொன்னதால் இதையும் சொல்லியாக வேண்டும். பெனால்டியைத் தவறவிட்ட எர்மோசோவின் அணிதான் 1-0 என்று கோப்பையை வென்றது. பதக்க மேடையில் ஸ்பெயின் கால்பந்துச் சங்கத் தலைவர் ரூபியாலெஸ் அவருடைய தலையைப் பிடித்து உதட்டில் முத்தமிட்டார். உலகமே பார்த்துக்கொண்டிருந்தது. மூன்று வாரத்தில் பதவி விலகினார். 2025 பிப்ரவரியில் நீதிமன்றம் அவரைக் குற்றவாளி என்று தீர்ப்பளித்து 10,800 யூரோ அபராதம் விதித்தது. உலகக் கோப்பையை வென்ற அணி என்று ஸ்பெயினைப் பற்றிப் பேசத் தொடங்கினால் இரண்டாவது வாக்கியத்தில் அந்த ஆளின் பெயர் வந்துவிடுகிறது. நானே இப்போது அதைத்தான் செய்தேன். அந்த ஒரே கோலை அடித்தவர் ஒல்கா கார்மோனா. அதை முதலில் எழுதியிருக்க வேண்டும்.

ஜூன் 13, இரவு 10.40

இதை எழுதுவதா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன்.

கேள்வி கேட்டவர் சொன்னதில் ஒரு பாதி உண்மை என்னைக் குத்திக்கொண்டே இருந்தது: “பார்க்கிற சிலரும் ஆண்கள் ஆட்டத்தைத்தான் பார்க்கிறார்கள்.” பரண்மேலிருந்து நோட்டுகளை இறக்கினேன். 1996 முதல் 2010 வரை பதினோரு நோட்டு. பச்சை அட்டை, முனைகள் மடங்கிப்போய். ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினேன். பதினோரு நோட்டிலும் பெண்கள் ஆட்டம் ஒன்றுகூட இல்லை.

1997 டிசம்பர் பக்கங்களுக்குப் போனேன். அந்த மாதம் இந்தியாவில் மகளிர் கிரிக்கெட் உலகக் கோப்பை நடந்தது. டிசம்பர் 16 அன்று மும்பையில் ஆஸ்திரேலியாவின் பெலிண்டா கிளார்க் டென்மார்க்குக்கு எதிராக ஆட்டமிழக்காமல் 229 ஓட்டங்கள் எடுத்தார். சர்வதேச ஒருநாள் போட்டிகளில் மனிதர் ஒருவர் எடுத்த முதல் இரட்டைச் சதம். அதே நாளில் வேறொரு மைதானத்தில் இங்கிலாந்தின் சார்லட் எட்வர்ட்ஸ் அயர்லாந்துக்கு எதிராக ஆட்டமிழக்காமல் 173. என் நோட்டில் அந்த மாதம் இருப்பவை ஆண்கள் ஆட்டங்கள் மட்டும். அப்போது வானொலியும் செய்தித்தாளும் எதைக் கொடுத்தனவோ அதை எழுதினேன். கொடுக்காததை நான் கேட்கவும் இல்லை.

பிறகு கடைசி நோட்டு. 2010 பிப்ரவரி 24. சச்சின் டெண்டுல்கர் தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக 200. அன்றைக்குப் பக்கத்தின் தலையில் சிவப்புப் பென்சிலால் இரண்டு கோடு போட்டு எழுதியிருக்கிறேன்: “உலகின் முதல் இரட்டைச் சதம்.”

என் கையெழுத்து. என் சிவப்புப் பென்சில். அந்த இரவு நான் அழுததுகூட நினைவிருக்கிறது, அது மெய்யான மகிழ்ச்சி, அதை இப்போதும் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் பன்னிரண்டு ஆண்டுக்கு முன்பே ஒரு பெண் அந்த இடத்தைத் தொட்டிருந்தார். எல்.பி.டபிள்யூ விதியை வரிவரியாகச் சொல்லத் தெரிந்த எனக்கு அவர் பெயர் தெரியாது. என்னை அந்த மேசையில் கண்டுகொள்ளாதவர்கள்மேல் எனக்கு இவ்வளவு கோபம். நான் கண்டுகொள்ளாமல் விட்டவர்கள் இத்தனை பேர்.

“ஆண்களில்” என்று ஒரு சொல்லை முன்னால் சேர்த்து எழுதிவிட்டு நோட்டை மூடினேன்.

ஜூன் 13, இரவு 11.30

டென்மார்க் பலவீனமான அணி, அது கணக்கில் வராது என்று அதற்குள் ஒரு பதில் வந்திருக்கிறது. பலவீனமான அணிதான். ஆஸ்திரேலியா 412, டென்மார்க் 49. ஆனால் ஆண்கள் கிரிக்கெட்டில் சின்ன அணிகளுக்கு எதிராக எடுத்த ஓட்டங்களைப் பதிவேட்டிலிருந்து யாரும் அடித்ததில்லை. எல்லோருக்கும் ஒரே அளவுகோல் என்றால் நானும் சம்மதிக்கிறேன்.

ஜூன் 15, மாலை 4.00

பணத்துக்கு வருவோம். டென்னிஸைப் பற்றிக் கேட்டவருக்குப் பதில்.

1972 அமெரிக்க ஓப்பனில் பில்லி ஜீன் கிங் வென்ற பரிசு 10,000 டாலர். ஆண்கள் பிரிவில் வென்ற நஸ்டாசேக்கு 25,000. இது தொடர்ந்தால் அடுத்த ஆண்டு பெண்கள் ஆட மாட்டோம் என்றார் கிங். 1973இல் அமெரிக்க ஓப்பன் பரிசைச் சமமாக்கியது. விம்பிள்டன் சமமாக்கியது 2007இல். இரண்டுக்கும் இடையே 34 ஆண்டு.

“ஆண்கள் ஐந்து செட், பெண்கள் மூன்று செட், பிறகு எப்படிச் சம பரிசு?” இதற்கு முதலில், பரிசு நேரக்கூலி இல்லை, மூன்றே செட்டில் வென்ற ஆணுக்கு யாரும் குறைத்துக் கொடுப்பதில்லை என்று எழுதினேன். அது சரிதான். ஆனால் அதோடு நிறுத்தினால், பெண்களால் ஐந்து செட் ஆட முடியாது என்பதை ஒப்புக்கொண்டதுபோல் ஆகிவிடும். 1984 முதல் 1998 வரை ஆண்டு இறுதி மகளிர் சாம்பியன்ஷிப்பின் இறுதி ஆட்டம் ஐந்து செட் முறையில்தான் நடந்தது. 1990இல் மோனிகா செலஸும் கேப்ரியேலா சபாட்டினியும் ஐந்து செட்டும் ஆடினார்கள். அட்டவணையை வகுத்தவர்கள் குறைத்துக்கொடுத்துவிட்டு, குறைவாக ஆடுகிறார்கள் என்பது என்ன நியாயம்?

பெண்களின் உடல் தாங்காது என்ற முடிவை எப்படி எட்டினார்கள் என்பதற்கு 1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக் போதும். பெண்கள் 800 மீட்டர் இறுதியில் ஓடியவர்கள் ஒன்பது பேர். ஒன்பது பேரும் ஓடி முடித்தார்கள். வென்ற ஜெர்மனியின் லினா ராட்கே உலக சாதனை படைத்தார். மறுநாள் பத்திரிகைகள், பெண்கள் சுருண்டு விழுந்தார்கள், பார்க்கச் சகிக்கவில்லை என்று எழுதின. அந்தப் பந்தயத்தை நீக்கிவிட்டார்கள். திரும்பி வந்தது 1960இல். ஓடி முடித்துக் களைத்துப் படுத்த ஆணை யாராவது பரிதாபமாக எழுதியிருக்கிறார்களா?

ஜூன் 15, இரவு 9.15

சந்தை தீர்மானிக்கிறது என்பவருக்கு, நானும் சந்தையை முழுதாக மறுக்கவில்லை. 2022 ஆண்கள் உலகக் கோப்பைக் கால்பந்துக்கு மொத்தப் பரிசு 44 கோடி டாலர், 2023 மகளிருக்கு 11 கோடி. ஆண்கள் போட்டி ஈட்டுகிற பணம் பல மடங்கு அதிகம், அது உண்மை.

ஆனால் அந்த 2023 போட்டிக்கு முன்புவரை மகளிர் உலகக் கோப்பையின் ஒளிபரப்பு உரிமையை ஃபிஃபா தனியாக விற்றதில்லை. ஆண்கள் உரிமையை வாங்குகிறவருக்குக் கூடவே கட்டிக்கொடுத்தது. தனியே விலை கேட்காத பொருளுக்கு விலை இல்லை என்று எப்படிச் சொல்வது? கதவு திறந்த இடங்களில் என்ன நடந்தது என்று பாருங்கள். 2020 மார்ச் 8, மெல்பர்னில் மகளிர் இருபது ஓவர் உலகக் கோப்பை இறுதி ஆட்டத்துக்கு 86,174 பேர். 2022 ஏப்ரலில் பார்சிலோனாவின் கேம்ப் நோ மைதானத்தில் மகளிர் கிளப் ஆட்டத்துக்கு 91,648 பேர். 2025 மகளிர் கிரிக்கெட் உலகக் கோப்பையை வென்ற இந்திய அணிக்கு அறிவித்திருந்த பரிசு 44.8 லட்சம் டாலர். 2023இல் ஆண்கள் கோப்பையை வென்ற அணிக்குக் கிடைத்தது 40 லட்சம்.

ஜூன் 16, காலை 7.30

கொஞ்சம் விலகிப் போகிறேன். முதல் கிரிக்கெட் உலகக் கோப்பை எந்த ஆண்டு நடந்தது? நேற்று வீட்டில் எல்லோரையும் கேட்டேன். எல்லோரும் 1975 என்றார்கள். 1973. ரேச்சல் ஹேஹோ ஃப்ளின்ட் முன்னின்று நடத்திய மகளிர் உலகக் கோப்பை. ஆண்களுக்கு இரண்டு ஆண்டு பின்னால்தான் வந்தது. லார்ட்ஸ் மைதானத்தின் சொந்தக்காரரான மேரில்போன் கிரிக்கெட் கிளப் பெண்களை உறுப்பினராகச் சேர்க்க ஒப்புக்கொண்டது 1998இல்.

சொற்களில்தான் எல்லாம் தொடங்குகிறது. “உலகக் கோப்பை” என்றால் ஆண்களுடையது. மற்றதற்கு “மகளிர்” என்று முன்னால் ஒட்ட வேண்டும். நானே இந்த இழை முழுக்க அப்படித்தான் எழுதிவருகிறேன், சில இடங்களில் மட்டும் “ஆண்கள்” என்றும் ஒட்டிப் பார்த்திருக்கிறேன். படிக்கும்போது உறுத்தியதா? அந்த உறுத்தலை நாங்கள் ஆயுள் முழுக்கக் கேட்டுப் பழகிவிட்டோம்.

2017 விம்பிள்டனில் ஆண்டி மரே தோற்றபின் ஒரு நிருபர், 2009க்குப் பிறகு பெரிய போட்டி ஒன்றின் அரையிறுதிக்குப் போன முதல் அமெரிக்கர் சாம் குவெரி என்று தொடங்கினார். மரே குறுக்கிட்டு, “ஆண் ஆட்டக்காரர்” என்று திருத்தினார். அமெரிக்கரான செரீனா வில்லியம்ஸ் அந்த இடைவெளியில் எத்தனை கோப்பைகள் வென்றிருந்தார்! மரே சொன்னது இரண்டே சொல். தோற்ற வலியோடு உட்கார்ந்திருந்தபோது சொன்னார். எனக்கு அவர்மேல் அன்றைக்கு வந்த மதிப்பு இன்றும் குறையவில்லை.

கிரிக்கெட் விதிகளில் ஆண்பால் சொல்லை நீக்கி இருபாலுக்கும் பொதுவான சொல்லைப் போட்டது 2021இல். தமிழுக்கு அந்தச் சிரமமே இல்லை. மட்டையாளர், பந்துவீச்சாளர், நடுவர், ரசிகர். எல்லாவற்றிலும் பெண்ணுக்கும் இடமிருக்கிறது. மொழி கொடுத்திருக்கிற இடத்தை நாம் ஏன் பாதியாக்கிக்கொள்கிறோம்?

ஜூன் 16, காலை 7.50

“ஆட்ட நாயகி” என்ற சொல் எனக்குப் பிடிக்கும். அதை மாற்ற வேண்டாம்.

ஜூன் 22, இரவு 12.20

இன்று பெண்கள் ஆட்டம் ஒன்றுக்குப் போனேன். இருபது ஓவர், இரவு ஆட்டம். தனியாக. திரும்பி வர வண்டிக்கு முன்கூட்டியே சொல்லிவைத்திருந்தேன். புது நோட்டு, பச்சை அட்டை கிடைக்கவில்லை, நீலம்.

பெண்களுக்கு நான்கு வரிசை இருந்தது. முதல் பந்தை என் கண்ணால் பார்த்தேன்.

முதல் இன்னிங்ஸ் முடிந்து கூட்டிப் பார்த்தால் ஒரு ஓட்டம் இடித்தது. பலகையில் 143, என் நோட்டில் 142. பந்துவீச்சாளர் கணக்கு, மட்டையாளர் கணக்கு, உதிரிகள், எல்லாவற்றையும் திரும்பத் திரும்பக் கூட்டினேன். 142தான். இடைவேளை முடியப் போகிறது. எனக்குப் பின் வரிசையில் ஒரு பெண், அம்மாவின் வயது இருக்கும். மடியில் பை, அதன்மேல் கை. அவர் நோட்டு எதுவும் வைத்திருக்கவில்லை. முன்னால் குனிந்து சொன்னார்:

“பதினேழாவது ஓவர், நான்காவது பந்து. லெக் பை ஒன்று. அப்போது நீ பேனாவை உதறிக்கொண்டிருந்தாய்.”

போய்ப் பார்த்தேன். அந்த இடத்தில் ஓட்டமில்லை என்று புள்ளி வைத்திருந்தேன். திருத்தினேன், 143.

இரண்டாம் இன்னிங்ஸில் அந்தப் பேனா முழுதாக நின்றுபோனது, பதினெட்டாவது ஓவர் தொடங்கும்போது. நான் உதறுவதைப் பார்த்துவிட்டு, கேட்காமலே பையைத் திறந்து தன் பேனாவைத் தந்தார். கறுப்பு மை. கடைசிப் பந்துக்கு முன்னால் இருவரும் எழுந்து நின்றுவிட்டோம், எழுதும்போது கை நடுங்கி எண் கோணலாக விழுந்தது.

இப்போது மேசைமேல் விரித்து வைத்திருக்கிறேன். பதினேழு ஓவர் நீலம், மூன்று ஓவர் கறுப்பு. மூன்றும் அங்கேயே எழுதியவை. பேனாவைத் திருப்பிக் கொடுக்க மறந்துவிட்டேன்.